குதிரைக்குப் பஞ்சாங்கம்

குதிரைப் பந்தயம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பந்தயத்தில் பணம் கட்டி வீடு வாசலைத் தோற்றவர்களின் கதை நமக்குத் தெரியாததல்ல; அந்தப் பழக்கத்துக்குப் பரிந்து பேச நாம் பேனாவை எடுக்கவில்லை. இந்த வாரம் நாம் எழுதப் போவது பணம் கட்டுகிறவர்களைப் பற்றியதன்று. ஓடுகிற குதிரைகளைப் பற்றியது. அதிலும் மூன்றே வயதான இளங் குதிரைகளைப் பற்றியது. எந்த நாளில் ஓடுவது, எத்தனை நாள் ஓய்வெடுப்பது என்பதைக் குதிரையா தீர்மானிக்கிறது? அதற்குப் பஞ்சாங்கம் கணிப்பவன் மனிதன். அந்தப் பஞ்சாங்கம் சரியானதுதானா என்று அமெரிக்காவில் பல வருஷங்களாக ஒரு விவாதம் நடந்து வருகிறது. கேட்க வேண்டிய விவாதம்.

அமெரிக்காவில் மூன்று வயதுக் குதிரைகளுக்கென்றே பிரசித்தி பெற்ற பந்தயங்கள் மூன்று உண்டு. முதலாவது லூயிவில் நகரத்தின் கெண்டக்கி டெர்பி. மே மாதம் முதல் சனிக்கிழமையன்று ஒன்றேகால் மைல் ஓட வேண்டும். இரண்டாவது பால்டிமோர் நகரத்துக்கு உரிய பிரீக்னஸ். டெர்பியைவிட அரைப் பர்லாங்கு குறைவு. மூன்றாவது நியூயார்க்கின் பெல்மாண்ட். அதன் மரபான தூரம் ஒன்றரை மைல். (மைதானத்தைப் புதுப்பிக்கும் வேலை காரணமாக 2024லும் 2025லும் அது சாரடோகாவில் ஒன்றேகால் மைலாகவே நடந்தது.) ஒரு குதிரை தன் ஆயுளில் ஒரே ஒரு வருஷந்தான் இவற்றில் ஓட முடியும். மூன்றையும் ஒரே குதிரை ஜயித்தால் அதற்கு மும்மகுடம் என்ற பட்டம். 1919 முதல் 2025 முடிய அந்தப் பட்டம் பெற்றவை பதின்மூன்றே குதிரைகள்.

தூரத்தைப் பற்றி இங்கே சண்டை இல்லை. சண்டை எல்லாம் நாட்களைப் பற்றியது. டெர்பி முடிந்து இரண்டு வாரத்தில் பிரீக்னஸ். அது முடிந்து மூன்று வாரத்தில் பெல்மாண்ட். ஆக ஐந்து வாரத்தில் மூன்று கடும் போட்டி. 1969ஆம் வருஷம் முதல் ஏறக்குறைய இதுவே வழக்கம்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்கலாம். முதலில் குதிரையின் வயதைக் கவனிக்க வேண்டும். பூமியின் வட பாதியில் ஜாதிப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி 1ந் தேதிதான் பிறந்த நாள். ஜனவரிக் கடைசியில் பிறந்த குட்டியும் மே மாதக் கடைசியில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பையனின் வயதைக் கூட்டி எழுதிய தகப்பனார்களை நாம் அறிவோம். குதிரைக்கு அதையே சட்டமாக்கியிருக்கிறார்கள்! டெர்பியில் ஓடும் ஒரு குதிரைக்கு உண்மையில் மூன்று வயது நிரம்பாமலே இருக்கக்கூடும்.

அந்த வயதில் எலும்பு இன்னும் உறுதிப்பட்டுக்கொண்டிருக்கிறது. வேகமாக ஓட ஓட எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. ஓய்வு கிடைத்தால் உடம்பு அவற்றைச் சீர் செய்து, எலும்பை முன்னைவிட வலுவாக்கிக்கொள்கிறது; கிடைக்காவிட்டால் சேதம் சேதத்தின் மேல் சேருகிறது. ஆகவே ஓட்டமே இல்லாத குதிரையும் பலவீனம். ஓய்வே இல்லாத குதிரையும் பலவீனம்.

2006ல் பார்பரோ என்ற குதிரை டெர்பியை அனாயாசமாக ஜயித்தது. இரண்டு வாரம் கழித்துப் பிரீக்னஸில் புறப்பட்ட சிறிது தூரத்துக்குள்ளேயே அதன் வலது பின்னங்கால் முறிந்தது. பல மாதம் வைத்தியம் செய்தும் பயனின்றி 2007 ஜனவரியில் அதன் ஆயுள் முடிந்தது. இடையில் இரண்டே வாரம் இருந்ததுதான் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. நன்றாக ஓய்ந்திருந்த குதிரைகளுக்கும் கால் முறிந்ததுண்டு. ஆனால் ஓய்வைப் பற்றிய பேச்சு வெறும் சோம்பேறிப் பேச்சல்ல என்பதற்கு இந்தச் சம்பவம் போதும்.

நிற்க, மறு கட்சிக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். "கஷ்டமாக இருப்பதனால்தான் அதற்குப் பெயர் மகுடம். எளிதாக்கிவிட்டால் மகுடம் தகரமாகிவிடும். முன்னாளில் குதிரைகள் ஓடவில்லையா?" என்கிறார்கள்.

ஓடத்தான் ஓடின. 1948ல் மும்மகுடம் பெற்ற சைடேஷன் என்ற குதிரை டெர்பிக்கு நான்கு நாள் முன்பு ஒரு பந்தயத்தில் ஓடி ஜயித்தது. பிரீக்னஸுக்கும் பெல்மாண்டுக்கும் நடுவில், கால் சும்மா இருக்கக் கூடாதென்று, இன்னொரு பந்தயத்திலும் ஓடி ஜயித்தது. அந்த ஒரு வருஷத்தில் மட்டும் இருபது பந்தயம், பத்தொன்பதில் வெற்றி. இதற்கு எதிரே 2018ல் மும்மகுடம் பெற்ற ஜஸ்டிஃபையை நிறுத்திப் பாருங்கள். பிப்ரவரியில் முதல் ஓட்டம், ஜூனில் பெல்மாண்ட். 111 நாளில் ஆறு பந்தயம், ஆறிலும் வெற்றி. அத்துடன் அதன் பந்தய வாழ்வே முடிந்தது. மறுபடி அது மைதானத்துக்கு வரவேயில்லை.

இரண்டும் மகா வீரக் குதிரைகள். ஆனால் இரண்டும் ஒரே உலகத்துக் குதிரைகள் அல்ல. 1960ல் அமெரிக்கப் பந்தயக் குதிரை ஒன்று சராசரியாக வருஷத்துக்குப் பதினொரு தடவைக்கு மேல் ஓடியது. பிற்காலத்தில் அது ஆறு சொச்சமாகக் குறைந்துவிட்டது. 2013 முதல் டெர்பிக்குக் குதிரைகளைப் பொறுக்குவதற்கு முன்னோட்டப் பந்தயங்களில் புள்ளி கொடுக்கும் முறை வந்தது. குதிரையை வசந்தத்தில் இரண்டொரு பந்தயத்தில் ஓட்டிப் புள்ளியைச் சேர்த்துக்கொண்டு, பிறகு நான்கைந்து வாரம் ஓய்வு கொடுத்து டெர்பிக்குக் கொண்டுவருவதே பயிற்சியாளர்களின் பழக்கமாகிவிட்டது. ஐந்து வார ஓய்வுக்குப் பழகிய குதிரையைப் பார்த்து, "இனி இரண்டே வாரம்" என்றால் அது எப்படித் தாங்கும்?

எல்லாக் குதிரைக்கும் ஒரே இடைவெளியானால் அதில் அநியாயம் என்ன என்று தோன்றலாம். எல்லாக் குதிரையும் மூன்றிலும் ஓடினால் அநியாயம் இல்லைதான். உண்மையில் நடப்பது வேறு. 1978ல் அஃபர்ம்ட் மும்மகுடம் பெற்ற பிறகு, 2015ல் அமெரிக்கன் ஃபரோவா அதைப் பெறும் வரை முப்பத்தேழு வருஷம் அந்தப் பட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலத்தில் பதின்மூன்று குதிரைகள் முதல் இரண்டு பந்தயத்தையும் ஜயித்து நியூயார்க்குக்கு வந்தன. ஒன்று காயத்தால் ஓடாமலே விலகியது. பன்னிரண்டு ஓடித் தோற்றன. 2014ல் கலிபோர்னியா குரோம் என்ற குதிரையைத் தோற்கடித்த டோனலிஸ்ட், டெர்பியிலும் ஓடவில்லை, பிரீக்னஸிலும் ஓடவில்லை. களைத்தவனும் களைக்காதவனும் மல்யுத்தம் செய்தால் ஜயித்தவனுக்கு என்ன பெருமை, தோற்றவனுக்கு என்ன சிறுமை?

அதைவிடப் பெரிய நஷ்டம் 2025ல் வெளிப்படையாகத் தெரிந்தது. டெர்பியை ஜயித்த சாவரன்டி என்ற குதிரையைப் பிரீக்னஸுக்கு அனுப்புவதில்லை என்று அதைச் சேர்ந்தவர்கள் தீர்மானித்தார்கள். டெர்பியில் ஓடிய பத்தொன்பது குதிரைகளில் மூன்றே மூன்றுதான் பிரீக்னஸுக்கு வந்தன. அவற்றில் ஜர்னலிசம் என்ற குதிரை அதை ஜயித்தது. மூன்று வாரம் கழித்துச் சாவரன்டி ஓய்வாக வந்து பெல்மாண்டையும் ஜயித்தது. ஜர்னலிசம் இரண்டாவதாக வந்தது. சாவரன்டி பிரீக்னஸிலும் ஓடியிருந்தால் மும்மகுடம் கிடைத்திருக்குமா, அல்லது களைத்துப் பெல்மாண்டையும் இழந்திருக்குமா? யாரும் சொல்ல முடியாது. குதிரையின் நலத்தை எண்ணி எடுத்த தீர்மானத்தைக் குறை கூற நமக்கு வாய் வரவில்லை. குறை பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

ஒரு பந்தயம் முதல் தரமானது என்பதை நிர்ணயிப்பது பரிசுத் தொகை அல்ல. ஓட வரும் குதிரைகளின் யோக்கியதை. 1973 முதல் அமெரிக்காவில் பந்தயங்களைத் தரம் பிரிக்கும் கமிட்டியாரும் இதையே முக்கியமாகப் பார்க்கிறார்கள். டெர்பியை ஜயித்த குதிரையே வராத பிரீக்னஸ், மாப்பிள்ளை வராத கலியாணம் போன்றது. சமையலும் மேளமும் குறைவில்லாமல் நடந்தாலும் கலியாணம் நடந்ததாகுமா?

"மரபை மாற்றலாமா?" என்பது கடைசி ஆட்சேபம். இந்த மரபின் வயது என்ன? 1919ல் சர் பார்ட்டன் என்ற குதிரை டெர்பியை ஜயித்த நான்காம் நாள் பிரீக்னஸை ஜயித்தது. அன்று மும்மகுடம் என்ற பெயரே பரவலாக வழங்கவில்லை. 1917லும் 1922லும் டெர்பியும் பிரீக்னஸும் ஒரே தினத்தில் நடந்தன. இரண்டிலும் ஓட வேண்டுமானால் குதிரைக்கு இறக்கை முளைத்திருக்க வேண்டும். 1930ல் கேலன்ட் ஃபாக்ஸ் மும்மகுடம் பெற்றபோது முதலில் நடந்தது பிரீக்னஸ். டெர்பி அதற்குப் பிறகு. 2020ல் தொற்று நோய்க் காலத்தில் பெல்மாண்ட் ஜூனில் முதலாவதாகவும், டெர்பி செப்டம்பரிலும், பிரீக்னஸ் அக்டோபரிலும் நடந்தன. இப்படிப் புரண்டு புரண்டு வந்த வழக்கத்தை வேத வாக்காகக் கொண்டாடுவது எதற்கு?

இடைவெளியை நீட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் இதே போன்ற மூன்று பந்தயங்கள் வசந்தத்தில் தொடங்கிச் செப்டம்பரில் முடிகின்றன, ஓய்வுக்குக் குறைவில்லை. இருந்தும் 1970ல் நிஜின்ஸ்கி என்ற குதிரைக்குப் பின் 2025 முடிய அங்கே ஒரு குதிரையும் மூன்றையும் ஜயிக்கவில்லை. 2012ல் காமலாட் இரண்டை ஜயித்து மூன்றாவதில் இரண்டாவதாக வந்தது. டெர்பியை ஜயித்த குதிரைகளில் பெரும்பாலானவை அந்த மூன்றாவது பந்தயத்தின் பக்கமே போவதில்லை. அதன் தூரம் ஒன்றேமுக்கால் மைலுக்கும் சற்று அதிகம். நெடுந்தூரக் குதிரை என்று பெயர் வாங்கிவிட்டால் இனவிருத்திச் சந்தையில் மதிப்புக் குறையும் என்று சொந்தக்காரர்கள் அஞ்சுகிறார்கள். பஞ்சாங்கத்தைத் திருத்தலாம், பண ஆசையைத் திருத்துவது வேறு காரியம்.

ஆயினும் திருத்தக் கூடியதைத் திருத்தத்தான் வேண்டும். டெர்பிக்கும் பிரீக்னஸுக்கும் நடுவில் நான்கு வாரம், அதற்கும் பெல்மாண்டுக்கும் நடுவில் நான்கு வாரம் என்று வைத்தால் ஜூன் கடைசியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். கோடைப் பந்தயங்களுடன் சிறிது நெருக்கடி உண்டாகும். டெர்பி முடிந்ததும் ஜனங்களுக்கு உண்டாகும் உற்சாகம் இரண்டு மாதம் நிற்குமா என்ற சந்தேகமும் நியாயமானதே. ஆனால் நல்ல குதிரைகள் மூன்றுக்கும் வந்தால் உற்சாகம் தானாக நிற்கும். வராவிட்டால் எந்தத் தேதியில் வைத்தும் பயன் இல்லை.

மூன்று பந்தயங்களும் மூன்று நகரங்களில் தனித்தனியே பிறந்தவை. ஒவ்வொன்றின் வருமானத்துக்கும் கணக்கர் இருந்திருக்கிறார். மூன்றும் சேர்ந்த மகுடத்துக்கென்று பொறுப்பாளி வாய்க்கவில்லை. குதிரைக்கோ பேச வாயில்லை. கடிவாளத்தை இழுத்தால் நிற்கும், தட்டிவிட்டால் ஓடும், கால் முறியும் வரையில் ஓடும். அதற்காக யோசிக்கும் கடமை, தேதி குறிப்பவர்களுடையதே.