குட்டி மீனை விழுங்கும் குட்டி மீன்!

அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் மீன் தொட்டி வைக்க நினைத்தால், கொளத்தூர் வண்ணமீன் கடைகள் பக்கம்தான். அங்கே ஏஞ்சல், நியான் டெட்ரா இரண்டுமே குட்டியாகக் கிடைக்கும். பிள்ளைகள் இரண்டையும் கேட்பார்கள்.

சிக்கல் சில மாதங்களில் தெரியும். நியான் 4 செ.மீ.யோடு நின்றுவிடும், ஏஞ்சல் 15 செ.மீ. வரை வளரும். வாய்க்குள் அடங்கும் மீன் அதற்கு இரைதான். பிள்ளை பெயர் வைத்த நியான் ஒருநாள் காலையில் இருக்காது.

நியானோடு கார்டினல், ரம்மிநோஸ் டெட்ராக்களை விடலாம். அவையும் சுமார் 5 செ.மீ.தான். கூட்டமாக வாழும் மீன்கள் என்பதால் ஒவ்வொரு வகையிலும் 6 மீன்களாவது வேண்டும். குறைந்தால் மிரண்டு ஒளியும். டைகர் பார்ப் என்றால் பக்கத்து மீனின் துடுப்பைக் கடிக்கும். 2 அங்குல சில்வர் ஷார்க் ஓர் அடி வளரும். சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

கடையில் 'ஜோடி என்ன விலை?' என்பதற்கு முன், 'இது எவ்வளவு பெருசா வளரும்?' என்று கேளுங்கள்.