வலி போனால் போதுமா?

கோடை பிறந்ததும் புலம்பெயர்ந்த நாடுகளின் மைதானங்களில் எம்மவரின் ஆரவாரம் எழுகின்றது. ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. ஒரே நாளில் நான்கு, ஐந்து ஆட்டங்களில் இறங்கும் இளைஞர்களைக் காண்கிறோம். அவர்களுள் சிலர் நொண்டியபடியே இறங்குவதையும் காண்கிறோம். முழங்காலில் ஒரு பட்டி, இடுப்பில் சிறிது தைலம், "வலி போய்விட்டது, விளையாடலாம்" என்றொரு சொல். இவ்வளவும் போதுமென்று கழகமும் எண்ணுகின்றது, பெற்றோரும் எண்ணுகின்றனர். இந்த எண்ணம் பிழையானது.

காயம் ஆறுவது ஒன்று. காயமுற்ற காலைத் தாங்கி இயக்கும் உடல் ஆயத்தமாவது வேறொன்று. பந்தை உதைப்பது கால்தான். ஆயினும், ஒரு காலை வீசும் வேளையில் மறுகாலின் மீது உடலைச் சரியவிடாது நிறுத்துவது நடுவுடலாகும். முன்னே வயிற்றுத் தசைகள், பின்னே முதுகெலும்பை ஒட்டிய தசைகள், மேலே மூச்சை இயக்கும் பிரிமென்றகடு, கீழே இடுப்புத் தளத் தசைகள் ஆகிய யாவும் கூடி முதுகெலும்பைச் சுற்றி ஒரு பீப்பாயைப் போல் இறுகி நிற்கின்றன. வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ, வீரனுக்கு இது அப்படி.

இது வெறும் உவமையல்ல. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்களான போல் ஹொட்ஜஸ், கரோலின் ரிச்சட்சன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. நலமுள்ள ஒருவர் கையை விரைந்து உயர்த்தும்போது, கையின் தசைக்கு முன்னரே வயிற்றின் ஆழ்தசை இறுகிவிடுகின்றது. முதுகுவலிக்கு ஆளானவர்களிடமோ அது பிந்துகின்றது. 2007இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வெளிவந்த ஆய்வு இன்னும் நேரடியானது. 277 விளையாட்டு வீரர், வீராங்கனைகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து அவதானித்தபோது, திடீர் அசைவின் பின் உடலை நிலைநிறுத்தத் தடுமாறியவர்களே முழங்காற் காயத்துக்குக் கூடுதலாக ஆளாயினர். பெண்களிடம் இத்தொடர்பு மிகத் தெளிவாக இருந்தது. காயம் முழங்காலில் தோன்றினும் அதன் காரணம் இடுப்புக்கு மேலேயும் இருக்கலாம் என்பதை இது உணர்த்துகின்றது.

எனினும் இதனை ஒரு மந்திரமாகக் கொள்ளலாகாது. நாட்பட்ட முதுகுவலிக்கு இவ்வகைப் பயிற்சி ஏனைய உடற்பயிற்சிகளிலும் மேலானது என்பதைப் பிற்கால மதிப்பீடுகள் மெய்ப்பிக்கவில்லை. கண்ணாடி முன் நின்று வயிற்றுக் கட்டுகளை எண்ணுவதும், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் எழுந்து அமர்வதும் நடுவுடல் உறுதியாகா. ஓடும்போதும் திரும்பும்போதும் பாய்ந்து இறங்கும்போதும் உடல் தன்னைத் தானே நிறுத்தக் கற்கவேண்டும். அதுவே உறுதி.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய ஸ்ருவேர்ட் மக்கில் மூன்று எளிய பயிற்சிகளைப் பரிந்துரைத்தார். மல்லாந்து, ஒரு முழங்காலை மடித்து, தலையையும் தோளையும் சற்றே உயர்த்துதல். பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலைத் தூக்கி நிறுத்தல். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல். ஒவ்வொன்றும் பத்து விநாடிக்கு மேற்படாமல், மூச்சை அடக்காமல், பலமுறை செய்யப்படுவது. விசாவுக்காகக் காத்திருக்கும் தங்கக விடுதியின் சிற்றறையிலும் இதற்கு இடமுண்டு. ஒரு பாயை விரிக்கும் நிலம் போதும்.

கழகங்களுக்கும் வழி காட்டப்பட்டுள்ளது. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் 'பதினொன்று கூட்டல்' என்னும் ஆயத்தப் பயிற்சி ஏறத்தாழ 20 நிமிடங்களே எடுப்பது. ஓட்டம், நடுவுடல் உறுதி, சமநிலை, பாய்ச்சல் ஆகியவற்றை அது உள்ளடக்கியது. எம்மவர் பலர் வாழும் நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான சிறுமியரிடம் அது பரீட்சிக்கப்பட்டு, 2008இல் முடிவு வெளியானது. பயிற்சி செய்த கழகங்களில் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன; கடுங்காயங்கள் ஏறக்குறைய அரைவாசியாயின.

எமது கழகங்கள் மூன்று காரியங்களைச் செய்யவேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் இந்த 20 நிமிடங்களைக் கட்டாயமாக்க வேண்டும். காயத்திலிருந்து மீள்பவரை, ஓடித் திரும்பிப் பாய்ந்து காட்டி, இயன்மருத்துவரோ தகுதி பெற்ற பயிற்றுநரோ இணங்கிய பின்னரே களத்தில் இறக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் ஆடும் ஆட்டங்களுக்கு எல்லை வகுக்க வேண்டும். இயன்மருத்துவம் கற்ற எமது பிள்ளைகள் இன்று பல நகரங்களில் உள்ளனர். கிண்ணத்துக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி அவர்களை மைதானத்துக்கு அழைப்பதில் என்ன தடை?

மைதானத்தில் விழுபவன் எமக்கு ஒரு வீரன் மட்டுமல்லன். திங்கட்கிழமை உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நிற்கவேண்டியவன் அவன். ஊரிலுள்ள குடும்பம் அவன் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்திருக்கின்றது. அவனுடைய முழங்கால் மடங்கினால் ஒரு குடும்பமே தள்ளாடும். ஆகவே அவனிடம், "வலி போய்விட்டதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "உடல் ஆயத்தமா?" என்றும் கேளுங்கள்.