முப்பது பேரின் மேய்ப்பன்



ஊழியக்காரர்கள் கூடும் இடங்களில் பெயரைக் கேட்டவுடன் அடுத்துக் கேட்கப்படுவது, "ஐயா, உங்கள் சபையில் எத்தனை ஆத்துமாக்கள்?" என்பதே. முந்நூறு என்பவர் நிமிர்ந்து சொல்லுகிறார். முப்பது என்பவரோ, "சின்ன ஊழியந்தான் ஐயா" என்று குரலைத் தாழ்த்திக்கொள்ளுகிறார். அந்த முப்பது பேரின் மேய்ப்பனைக் குறித்தே இம்மாதம் எழுதுகிறேன்.

கோலார் மாவட்டத்துப் பூதிகோட்டையை ஐதர் அலி பிறந்த ஊராக அறிந்திருப்பீர்கள். அதை அடுத்த தங்கவயலோ நம்மில் பலருக்குப் பாட்டன் உழைத்த மண். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரள்திரளாய் வந்து லைன் வீடுகளில் குடியேறின. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்றுமுதல் மாரிகுப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படும் ரயில்களே அநேகருக்குப் பிழைப்பின் வழியாயின. பெங்களூருக்குப் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம், திரும்பவும் அவ்வளவே.

இப்படிப்பட்ட வட்டாரத்தில் சிறு சபையை நடத்துகிறவருக்கு ரயில் அட்டவணையும் ஒரு ஊழியக் குறிப்பேடுதான். இரவு ஒன்பது மணிக்கு வீடு சேருகிறவனை, ஏழு மணி ஜெபத்துக்கு ஏன் வரவில்லை என்று கடிந்துகொள்வதில் பயன் என்ன? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் முதியவர்களும் தாய்மார்களும் மட்டுமே இருப்பார்கள். ஞாயிறு ஒன்றுதான் குடும்பம் முழுவதும் வீட்டிலிருக்கும் நாள். அந்த நாளில்தான் ஆராதனை, கல்யாணம், துணி துவைத்தல், தூக்கம் எல்லாம்.

ஆகிலும் சிறு சபைக்கு ஒரு மேன்மை உண்டு. அங்கே ஒருவன் வராவிட்டால் அது தெரியும். ஆயிரம் நாற்காலிகள் போட்ட கூடாரத்தில் ஒரு நாற்காலி காலியாயிருப்பதை யார் கவனிப்பார்? ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தை நாம் பெயர்ப்பட்டியல் என்று வேகமாய்ப் புரட்டிவிடுகிறோம். அதுவரை தான் போயிராத ஒரு பட்டணத்தில், இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பவுல் பெயர் சொல்லி விசாரிக்கிறார். அப்பட்டியலின் தொடக்கத்திலேயே பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் நிற்கிறார்கள். ஆக்கில்லா பொந்து தேசத்தான், கிலவுதியு ராயனின் கட்டளையால் ரோமாபுரியை விட்டு வெளியேற்றப்பட்டுக் கொரிந்துவுக்கு வந்தவன், கூடாரத் தொழிலாளி. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போன நம்மைப் போன்ற குடும்பம்தான். எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை கூடியது.

இனி, மேய்ப்பனின் பாடு. வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குப் பிரசங்கக் கலையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே முப்பது பேருக்கு வாரத்தில் மூன்றுமுறை வருஷக்கணக்காய்ப் பிரசங்கிப்பது எப்படி என்பது பாடத்திட்டத்தில் இல்லை! அதிலும் கடினமானது வேறொன்று. காணிக்கையில் பெரும்பங்கு கொடுப்பது ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு வாலிபனைக் கண்டிக்கவேண்டிய சூழ்நிலை வருகிறது. கண்டித்தால் அடுத்த மாதம் கூட வாடகை நின்றுபோகலாம். கண்டியாவிட்டால் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய சபையில் ஒரு குடும்பம் போவது ஒரு செய்தி. இங்கேயோ மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போவது போல. அந்த இரவில் போதகர் யாரிடம் மனம் திறப்பார்? மனைவியிடம் மட்டுமே. அந்தச் சகோதரியோ ஞாயிறு பள்ளி ஆசிரியை, பாடகி, சமையற்காரி எல்லாமாய் ஏற்கெனவே களைத்திருக்கிறாள்.

இந்தப் பாரத்தை ஒருவனே சுமக்கலாகாது என்பதை எத்திரோ மோசேக்கு வனாந்தரத்திலேயே எடுத்துச் சொன்னான். பத்துப் பத்துப் பேருக்கும் பொறுப்பாளரை வைக்கச் சொன்னான். நம் காலத்தில் தென்கொரியாவின் பால் யாங்கி சோவும் அதைப் பாடுபட்டே கற்றார். 1958-ல் ஒருசிலரோடு தொடங்கிய ஊழியம் பெருகியபோது, 1964-ல் களைப்பால் தளர்ந்து விழுந்தார். பின்பு வீட்டுக் குழுக்களைப் பெரும்பாலும் சகோதரிகளிடம் ஒப்படைத்தார். உலகத்திலேயே மிகப்பெரிய சபை என்று பெயர்பெற்றது சிறுசிறு வீட்டுக் கூடுகைகளால்தான் நின்றது. (அவரே 2014-ல் சபைப் பணத்துக்கு நஷ்டம் உண்டாக்கிய வழக்கில் தண்டனைத் தீர்ப்புப் பெற்றார். கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைப்பது பெரிய சபைக்கும் சிறிய சபைக்கும் ஒன்றுபோலத் தேவை.)

பட்டணத்தில் வாழும் அன்பரே, உம்மை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தின சிறு சபை இன்னும் ஊரில் இருக்கிறதா? வருஷாந்தரக் கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, பேருந்து ஏறிவிடாதிரும். கணக்கு எழுதத் தெரிந்தவராயின் ஒரு நாள் தங்கிச் சபைக் கணக்கை எழுதிக்கொடும். பிரசங்கிக்கத் தெரிந்தவராயின் ஒரு ஞாயிறு செய்தியை ஏற்றுக்கொண்டு, போதகரைத் தம் மனைவி பிள்ளைகளோடு பாயில் உட்காரவிடும். சபையார் கலைந்துபோனபின், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று அவரைத் தனியே விசாரியும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்றே அவர் பதில் சொல்லுவார். அதோடு விட்டுவிடாமல் இன்னொருமுறை கேளும்.