ஆட்டுக்குட்டியும் மேய்ச்சல் தரையும்

விடுமுறை நாட்களில் நகரத்துப் பெற்றோர் தம் குழந்தைகளைப் பண்ணைகளுக்கு அழைத்துச் சென்று, ஆடு, மாடு, கோழி முதலிய பிராணிகளைக் காட்டி வரும் வழக்கம் நம் நாட்டிலும் பரவி வருகின்றது. கட்டணம் செலுத்தி உள்ளே புகுந்து, ஒரு பிடி பசுந்தழையை வாங்கி ஆட்டுக்கு ஊட்டி, முயலைத் தடவி, மாலையில் வீடு திரும்புவர். இதனை வீண் செலவென்று இகழ்வார் சிலர். சிறந்த கல்வியென்று புகழ்வார் சிலர். இவ்விரு கட்சியாரும் காணாது விட்ட செய்தியொன்று உண்டு என்பது என் எண்ணம்.

சென்ற தை மாதத்தில் என் தமையனார் மகளாகிய எட்டு வயதுச் சிறுமியுடன் சென்னையில் மின்சார ரயிலேறி, பொன்னேரியையும் கவரைப்பேட்டையையும் கடந்து கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். அங்கிருந்து மேற்கே சில மைல் தொலைவிலிருந்த சிறு பண்ணையொன்றுக்குச் சென்றோம். தொழிற்சாலைகளின் நெடுஞ்சுவர்களும், வரிசையாக நின்ற சரக்கு லாரிகளும் வழி நெடுகத் தொடர்ந்து வந்தன. அவற்றைக் கடந்தபின் ஒரு வேலிக்குள் பசுக்கள் நான்கும், வெள்ளாடுகள் சிலவும், வாத்துக் கூட்டமொன்றும் எங்களை வரவேற்றன.

பசுவைப் படத்தில் மட்டும் கண்டிருந்த அச்சிறுமி, தீனி வைப்பவர் அதன் வாயைத் திறந்து காட்டியதும் திடுக்கிட்டு, "சித்தப்பா, இதற்கு மேல்பல்லெல்லாம் விழுந்துவிட்டதா?" என்று வினவினாள். ஆடு மாடுகளுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் முளைப்பதே இல்லை. தடித்த ஈறே உண்டு. புல்லை நாவினால் வளைத்துக் கீழ்ப்பற்களை ஈறோடு அழுத்தி அறுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். நான்கு அறைகள் கொண்ட இரைப்பையுள் முதலறையிற் சென்ற உணவை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடுவதையும் அவள் நேரிற் கண்டாள்.

ஒரு மூலையில் கோழியொன்று வாத்து முட்டைகளின் மேல் அடைகாத்திருந்தது. கோழி முட்டை பொரிய 21 நாளும், வாத்து முட்டை பொரிய 28 நாளும் ஆகும். "அப்படியானால் இந்தக் கோழி இன்னும் ஏழு நாள் அதிகமாக உட்கார வேண்டுமே, அதற்குத் தெரியுமா?" என்று அவள் கேட்ட கேள்விக்கு எங்களுள் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. புத்தகத்தில் நூறு பக்கம் படித்தாலும் அக்கேள்வி பிறந்திராது. ஆதலின் பண்ணை காண்பது வீண் என்போரின் வாதத்தை நான் ஏற்கேன்.

எனினும், அக்கல்விக்கு ஒழுங்கு வேண்டும். பிராணிகளைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் உண்ணலாகாது. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்தில் சரே என்னும் பகுதியிலுள்ள ஒரு பண்ணையைக் காணச் சென்றவர்களில், ஈ.கோலை என்ற கிருமியால் 93 பேர் நோயுற்றனர்; அவர்களிற் பெரும்பாலோர் சிறுவர். மேலும், ஆட்டுக்குட்டி விளையாட்டுப் பொம்மையன்று. அஞ்சி ஒதுங்கும் குட்டியைத் துரத்திப் பிடித்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் குழந்தை, இரக்கத்தைக் கற்காமல் அதிகாரத்தையே கற்கின்றது. அதனைத் தடுத்து நிறுத்துதல் உடன் செல்லும் பெரியோரின் கடமையாகும்.

நிற்க. என் மனத்தை உறுத்திய செய்தி பண்ணைக்கு உள்ளே நிகழ்ந்ததன்று. நாங்கள் திரும்பி வரும் வழியில், ஒரு தொழிற்சாலைச் சுவருக்கும் தார்ச்சாலைக்கும் இடைப்பட்ட குறுகிய தரையில் முப்பது செம்மறியாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. சென்னைச் சிவப்பு என்று பெயர் பெற்றதும், இம்மாவட்டத்துக்கும் இதனைச் சூழ்ந்த பகுதிகளுக்கும் உரியதுமான இனத்தைச் சேர்ந்தவை அவை. லாரி வரும்போதெல்லாம் முதியவர் ஒருவர் கோலை உயர்த்தி அவற்றை ஒதுக்கிக்கொண்டிருந்தார். சிறுமி அவரை அணுகி, "தாத்தா, உங்கள் பண்ணை எங்கே இருக்கிறது?" என்றாள். அவர் நகைத்து, "இந்தச் சாலையோரந்தான் பாப்பா எங்கள் பண்ணை. முன்னே மந்தைவெளி இருந்தது, இப்போது சுவர் இருக்கிறது" என்றார். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, எனக்கு அவ்வாறில்லை.

அம்முதியவர் கூறியது அவர் ஒருவரின் கதையன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை என்னும் ஊரில், மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்த்து, விறகும் தழையும் பெற்றுவந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் இறுதியில் சிப்காட் தொழிற்பேட்டைக்கென எடுக்கப்பட்டது. ஊரார் எதிர்த்துப் போராடினர். ஆயினும் பிரெஞ்சு தேசத்து மிஷெலின் டயர் ஆலை அங்கே எழுந்தது. இஃது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், ஏழைக் குடும்பங்களுக்குக் கறவைப் பசுவும், நான்கு ஆடுகளும் விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2011 செப்டம்பரில் தொடங்கிற்று. அதன் தொடக்க விழா நடைபெற்றதும் இதே திருவள்ளூர் மாவட்டத்திலேயே. ஒரு கையால் ஆட்டைக் கொடுத்து, மறு கையால் மேய்ச்சல் தரையை எடுத்துக்கொண்டால், ஆடு எங்கே மேயும்?

தொழிற்சாலைகள் வேண்டா என்று நான் சொல்லவில்லை. அவற்றால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பு எரிகின்றது. அடுத்த மாகாணங்களிலிருந்தும் மக்கள் வந்து பிழைக்கின்றனர். ஆனால், மந்தைவெளியை அழித்துவிட்டு, அங்கே மேய்ந்த ஆட்டைக் கட்டணம் வாங்கிக் காட்டும் பொருளாக மட்டும் மிச்சம் வைப்போமானால், நம் குழந்தைகளுக்கு நாம் காட்டுவது பண்ணையன்று. பண்ணையின் நினைவுச் சின்னமே.

இவ்விரண்டும் ஒருங்கே வாழ இயலாதோ எனின், இயலும். லண்டன் மாநகரின் கென்டிஷ் டவுன் பகுதியில், ரயில் பாதையை அடுத்து, 1972ஆம் ஆண்டில் ஒரு நகரப் பண்ணை தொடங்கப்பட்டது. அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. அக்கம்பக்கத்துச் சிறுவர் பார்வையாளராக மட்டுமன்றி, தொழுவம் கூட்டியும் தீனி வைத்தும் பணியாளராகவும் வருகின்றனர். ஆலையும் இருப்புப் பாதையும் மலிந்த நாட்டார் அதனைச் செய்தனர் என்றால், இன்னும் ஆடும் இடையரும் எஞ்சியிருக்கும் நமக்கு அஃது அரிதாகுமோ?

ஆகவே மூன்று செய்திகளை விண்ணப்பித்துக் கொள்கின்றேன். முதலாவது, இம்மாவட்டத்தில் எஞ்சியுள்ள மேய்க்கால் புறம்போக்கு நிலங்களை ஊராட்சிகள் அளந்து கல் நட்டுக் காக்கவேண்டும். இரண்டாவது, திரூர் வேளாண் அறிவியல் நிலையத்திலும், மாதவரத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணைகளிலும் பள்ளிச் சிறுவர்க்கென்று குறித்த நாட்களை ஒதுக்கி, அறிந்தோரைக் கொண்டு பிராணிகளைப் பற்றி விளக்கச் செய்யவேண்டும். மூன்றாவது, தொழிற்பேட்டையை அடுத்த பள்ளிகள் தம் மாணவரை ஆண்டில் சில நாளேனும் அண்டையூர்ப் பட்டிகளுக்கு அனுப்பி, ஆடு மேய்ப்பவரை ஆசிரியராக மதித்து, அதற்குரிய ஊதியமும் அளிக்கவேண்டும். நோயுற்ற குட்டியை அடையாளம் காணவும், மழை வருமுன் மந்தையைத் திருப்பவும் அறிந்த அவரது கல்விக்கு நாம் இதுவரை பட்டம் ஒன்றும் வழங்கியதில்லை.

நம் கல்லூரி மாணவருள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அதிகாரிகளாகவும், ஆலைகளின் நிர்வாகிகளாகவும், நிலப்படத்தின் மேல் கோடு கிழிப்பவர்களாகவும் ஆவர். படத்தில் வெறுந்தரையாகத் தோன்றும் இடத்தில் முப்பது ஆடுகளும் ஒரு முதியவரும் நிற்கக்கூடும் என்பதை அவர்கள் அப்பொழுது மறவாதிருப்பாராக. அன்றிரவு என் தமையனார் மகள் உறங்குமுன் கேட்டது வாத்துக் குஞ்சுகளைப் பற்றியன்று. "அந்தத் தாத்தா நாளைக்கு ஆடுகளை எங்கே ஓட்டிப் போவார்?" என்பதே அவள் வினா. அதற்கு விடை கூறும் பொறுப்பு நம்முடையது.