பழைய கார் வாங்கியவன் தனித்தேர்வரா?



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை.

ஓய்வு பெற்று வந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, மூன்று வருடம் முன்பு ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். அப்போது அதற்கு வயது ஆறு. விலை 3 லட்சத்து 40 ஆயிரம். முதல் ஓனர் வங்கியில் வேலை பார்த்தவர். சர்வீஸ் பில் ஒன்றுவிடாமல் ஃபைல் போட்டுக் கொடுத்தார். நானும் அப்படியே தொடர்ந்தேன். ஆயில் மாற்ற வேண்டிய தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிற ஆள் நான். 33 வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு உராய்வு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போன மாதம் மதுரையிலிருந்து திருச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். நான், வீட்டம்மா, பின்சீட்டில் பேத்தி. துவரங்குறிச்சி தாண்டி நான்குவழிச் சாலையில், 80 கிலோமீட்டர் வேகத்தில், 'கடகட'வென்று ஒரு சத்தம். அடுத்த நொடி என்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு முறை மிதித்த பிறகு பிரேக்கும் கட்டையாகிவிட்டது. என்ஜின் ஓடினால்தான் பிரேக்குக்கு வேக்குவம் உதவி கிடைக்கும். நின்றால் நம் கால் பலம் மட்டும்தான். பின்னால் ஒரு டாரஸ் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. எப்படியோ ஓரம் கட்டினேன். பேத்தி மட்டும்தான் அழவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் போட்டார்கள். 1 லட்சத்து 45 ஆயிரம். வண்டி வாங்கிய விலையில் கிட்டத்தட்ட பாதி. மயக்கம் வராத குறையாக வண்டியை எங்கள் ஊர் மெக்கானிக் பாயிடம் கட்டி இழுத்து வந்தேன். இருபது வருடமாக என் ஸ்கூட்டர் முதல் எல்லாம் பார்ப்பவர் அவர். ஹெட்டை இறக்கிக் காட்டினார். வால்வுகள் வளைந்திருந்தன, பிஸ்டன் தலையில் தழும்பு. டைமிங் செயின் பல் தாண்டியிருக்கிறது.

"ஆயில் சுத்தமா இருக்கு வாத்தியாரே, கசடே இல்ல. உங்க மேல தப்பில்ல. டென்ஷனர்தான் கொல்லுது. இந்த மாடல்ல எனக்கு இது மூணாவது வண்டி" என்றார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். பழைய டென்ஷனரையும், கம்பெனி டப்பாவில் வந்த புது டென்ஷனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றில்லை. உள்ளே இருக்கும் பல்சட்டம் மாறியிருக்கிறது. பார்ட் நம்பரின் கடைசி எழுத்தும் மாறியிருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: என்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வரும் நேரமும் வால்வு கீழே இறங்கும் நேரமும் மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இந்தச் செயின். அதை இறுக்கிப் பிடித்திருப்பது டென்ஷனர். டென்ஷனர் தளர்ந்தால் செயின் ஒரு பல் தாண்டும், பிறகு இரும்பும் இரும்பும் மோதும். அதனால்தான் சில நூறு ரூபாய் சாமான் ஒன்று லட்ச ரூபாய் என்ஜினைக் கொன்றுவிடுகிறது. விற்கும்போது என்ன சொன்னார்கள்? "செயின் சார், பெல்ட் இல்ல. வண்டி ஆயுளுக்கும் மாத்தவே வேண்டாம்." யாருடைய ஆயுளுக்கு? வாரண்டியின் ஆயுளுக்கா?

கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் இரண்டே வரி: வாரண்டி காலம் முடிந்துவிட்டது, தாங்கள் முதல் உரிமையாளரும் அல்ல. நல்லெண்ணத்துக்காக லேபரில் 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம்.

எனக்கு வேண்டியது நல்லெண்ணம் இல்லை ஐயா, நியாயம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டியில் கெட்டுப்போகும் எல்லாவற்றுக்கும் கம்பெனி பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. கிளட்ச் தேயும், பேட்டரி சாகும், ரப்பர் வெடிக்கும். ஆயில் மாற்றாமல் ஓட்டினால் என்ஜின் போகும். அதெல்லாம் ஓனர் தலையெழுத்து. என் வாதம் ஒன்றே ஒன்று: ஒரு பாகத்தின் வடிவமைப்பில் தவறு இருப்பது கம்பெனிக்குத் தெரிந்து, சத்தமில்லாமல் அந்தப் பாகத்தை மாற்றிவிட்டு, ஏற்கெனவே விற்ற வண்டிக்காரர்களுக்குச் சொல்லாமல் இருந்தால், அந்தத் தவறுக்கு வாரண்டி தேதி கணக்கில்லை. எத்தனையாவது ஓனர் என்பதும் கணக்கில்லை.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. பொதுத்தேர்வில் கேள்வியே தவறாக வந்துவிட்டால், அதை எழுத முயன்ற எல்லோருக்கும் மதிப்பெண் கொடுப்போம். "நீ தனித்தேர்வர், பள்ளியில் படித்தவன் இல்லை, உனக்குக் கிடையாது" என்று எந்த விடைத்தாள் திருத்தும் மையத்திலும் சொன்னதில்லை. தவறு கேள்வித்தாளில். எழுதியவன் யார் என்பது அங்கே பேச்சே இல்லை.

"செகண்ட் ஹேண்ட் வாங்குபவன் ரிஸ்க் தெரிந்துதானே வாங்குகிறான்?" என்று கேட்பார்கள். தெரிந்த ரிஸ்க்குக்குத்தான் விலை குறைத்து வாங்குகிறான். என்ஜினுக்குள் இருக்கும் டென்ஷனரை நான் எப்படிப் பார்ப்பேன்? எனக்கு விற்ற வங்கிக்காரர் எப்படிப் பார்ப்பார்? பார்க்க முடிந்தவர் ஒருவர்தான், அவர்தான் வாய் திறக்கவில்லை. இன்னொன்று: முதல் ஓனருக்கு நல்ல ரீசேல் விலை கிடைக்கும் என்று சொல்லித்தானே புது வண்டியை விற்கிறார்கள்? அந்த ரீசேல் விலையைக் கொடுப்பவன் நான்தானே!

இது நடக்காத காரியம் என்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். (என் கார் இந்தக் கம்பெனியுடையது அல்ல.) ஹூண்டாய், கியா நிறுவனங்களின் 'தீட்டா 2' என்ஜின். கிராங்க் ஷாஃப்ட் கடைசலின்போது உள்ளே தங்கிய இரும்புத் துகள், ஆயில் போகும் வழியை அடைத்து பேரிங்கைத் தின்றது. ஓடும்போதே என்ஜின் நின்றது. 2015-இல் சுமார் 4 லட்சத்து 70 ஆயிரம் சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தார்கள். 2017-இல் கியாவையும் சேர்த்து மேலும் சுமார் 12 லட்சம். 2015 ரீகால் போதாது என்று 2016-இலேயே அமெரிக்க அரசிடம் போய்ச் சொன்னவர், ஹூண்டாயில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த பொறியாளர் கிம் குவாங் ஹோ. 2020-இல் இரண்டு நிறுவனங்கள் மீதும் சேர்த்து 21 கோடி டாலர் அளவுக்கு அபராத உடன்படிக்கை போட்டது அந்த நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறை. 2021-இல் கிம்முக்கு 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. வழக்கு சமரசத்தில், சில நிபந்தனைகளோடு, அந்த என்ஜின் பாகத்துக்கு ஆயுள் வாரண்டி கிடைத்தது. கவனியுங்கள்: முதல் ஓனருக்கு மட்டுமில்லை, பழைய காராக வாங்கியவர்களுக்கும்.

அங்கே ரீகால் வந்தால், முதல் விற்பனையிலிருந்து 15 வருடம் வரை இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம்.

நம் நாட்டுக்கு வருவோம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி அரசே உத்தரவிடலாம். நல்ல சட்டம். ஆனால் 2021 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்த விதி, 7 வயதுக்கு உட்பட்ட வண்டிக்குத்தான் பொருந்தும். அபராதம் அதிகபட்சம் 1 கோடி. ஒரு பெரிய கம்பெனிக்கு அது டீச்செலவு.

அதே அரசு என் காருக்குக் கொடுத்த ஆர்.சி. எத்தனை வருடம் செல்லும்? 15. சாலை வரியையும் ஆயுள் வரி என்று முன்கூட்டியே வாங்கியாயிற்று. ஆக, 15 வருடம் ஓட்டலாம் என்று அனுமதி கொடுப்பவர்கள், செய்தவன் பொறுப்பை மட்டும் 7 வருடத்தில் கழுவி விடுகிறார்கள். மீதி 8 வருடம் யார் பொறுப்பு? முருகன்தான்!

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறதே என்பீர்கள். அதில் உற்பத்திப் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. வடிவமைப்புக் குறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறது. ஆனால் 'தீங்கு' என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதம் அதில் சேராது என்று போட்டுவிட்டார்கள். என் கார் என் வீட்டுச் சுவரை இடித்திருந்தால் சுவருக்குக் கேட்கலாம். என்ஜின் தன்னைத்தானே தின்றால் அந்த அத்தியாயத்தில் கேட்க முடியாது. அன்று துவரங்குறிச்சியில் அந்த லாரி எங்கள் மேல் ஏறியிருந்தால் மட்டும் வழக்கு வலுவாக இருந்திருக்குமோ?

என் கோரிக்கை மூன்று. ஒன்று, ரீகால் விதியின் வயது வரம்பு ஆர்.சி. காலத்துக்குச் சமமாக 15 ஆகட்டும். இரண்டு, கோளாறு காரணமாக ஒரு பாகத்தை மாற்றி வடிவமைத்தால், அதைக் கம்பெனி வெளிப்படையாக அறிவிக்கட்டும். டீலருக்கு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பினால் போதாது. மூன்று, ஓடும் வண்டியில் என்ஜின் நிற்பதைப் பாதுகாப்புக் குறையாகவே எடுத்துக்கொள்ளட்டும். இதனால் புது வண்டி விலை கூடும் என்பார்கள். கூடட்டும். இப்போது அந்தச் செலவை ஓய்வூதியக்காரனும் ஆட்டோமொபைல் கடனில் மூழ்கியவனும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறான். அதை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான்.

இதே நிலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: கழற்றிய பாகத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிடாதீர்கள், வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஜாப் கார்டு, போட்டோ, சர்வீஸ் பில் எல்லாம் வேண்டும். கம்பெனியிடம் போனில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

எந்தக் கம்பெனி என்று கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள். மாவட்ட ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். பெயர் அந்த மனுவில் இருக்கும். ஜெயிப்பேனா தெரியாது. பாய் செலவைக் குறைத்து, 62 ஆயிரத்தில் வண்டியை ஓட வைத்துவிட்டார். பழைய டென்ஷனர் என் மேசை மேல், பேத்தியின் பென்சில் டப்பா பக்கத்தில் இருக்கிறது. "இது என்ன தாத்தா?" என்று கேட்டாள். "கேள்வித்தாளில் வந்த தப்பும்மா" என்றேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கமெண்டில் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டரில், என்ன பாகம் என்று மட்டும் போதும். தனித்தனியாக அழுதால் அது நம் விதி. சேர்த்து எழுதி வைத்தால் அது ஆதாரம்.