காதுக்கும் ஒரு செக்ரோல் உண்டு



நம் பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்ததும் முதலில் ஒரு மோட்டார். பிறகு கடன் போட்டு ஒரு பழைய காடி. காடி வந்த மறு மாதமே பாட்டு செட்டு. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் லூனாஸிலும் இந்த வரிசை மாறுவதில்லை. இதைக் குறை சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. நாள் முழுதும் பிறர் சொன்னபடி நடந்தவனுக்குத் தன் இஷ்டம்போல ஒரு பாட்டுக் கேட்க ஓர் இடம் வேண்டாமா? வீட்டிலே ஆள் நெருக்கம். காடிக்குள் மட்டுந்தான் அவன் ராஜா. ஆகவே பாட்டுக் கேட்காதே என்று சொல்ல மாட்டேன். செட்டு பொருத்துகிற முறையிலேதான் கோளாறு. அந்தக் கோளாறு பணத்தையும் தின்கிறது, காதையும் தின்கிறது என்பதே என் வாதம்.

முதலில் காதின் கணக்கைப் பார்ப்போம். நமக்குச் செக்ரோல் இருப்பதுபோல் காதுக்கும் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு இவ்வளவு சத்தம், இவ்வளவு நேரம் என்று அதிலே ஏறிக்கொண்டே இருக்கும். இந்நாட்டில் 2019 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த வேலையிட இரைச்சல் விதிகளின்படி, ஒரு தொழிலாளியின் காதில் எட்டு மணி நேரக் கணக்கில் 85 டெசிபெல்லுக்கு மேல் விழக் கூடாது. சத்தம் 3 டெசிபெல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது காது வைத்தியத்தில் பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. 85-க்கு எட்டு மணி நேரம் என்றால் 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு மணி, 94-க்கு ஒரு மணி, 97-க்கு அரை மணி. 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிஷம்.

இந்தக் கணக்கிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு மணி நேர வேலை முடிந்த பிறகு மிச்ச 16 மணி நேரமும் காது ஓய்வாக இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. புல்வெட்டும் மிஷினைத் தோளிலே மாட்டி நிற்கிறவர், செம்பனை மில்லிலே நிற்கிறவர், ரப்பர் ஆலையிலே நிற்கிறவர், இவர்களுடைய காதில் அன்றைய பங்கு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் காடிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு 100 டெசிபெல்லில் சுங்கைப்பட்டாணியிலிருந்து கூலிம் வரைக்கும் ஓட்டினால் அது ஓவர்டைம். இந்த ஓவர்டைமுக்குச் சம்பளம் கிடையாது, பிடித்தம் மட்டுந்தான்.

இப்போது ஆம்ப்ளிபயர் கணக்குக்கு வருவோம். இங்கேயும் அதே 3 டெசிபெல் வருகிறது பாருங்கள். 100 வாட் ஆம்ப்ளிபயரைக் கழற்றிவிட்டு 200 வாட் போட்டால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு அது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவே. நமக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதாவது வாட்டை இரண்டு மடங்காக்க நீர் கடைக்காரருக்குக் கூடுதல் வெள்ளி கொடுக்கிறீர். கிடைக்கிற லாபம் சொற்பம், ஆனால் காது தாங்கும் நேரம் சரிபாதியாகப் போய்விடுகிறது. இது என்ன வியாபாரம், ஐயா?

“டிரெசரையா, பாட்டு தெளிவாக் கேக்கலே, அதான் வைக்கிறேன்” என்று தம்பிமார் சொல்வார்கள். அது உண்மைதான். தெளிவு இல்லாததால்தான் சத்தம் ஏறுகிறது. தெளிவு வருவது வாட்டால் அல்ல, பொருத்துகிற முறையால். எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

ஒன்று, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை நம்பாதே. அது கண் சிமிட்டும் நேரத்துக்குத் தாங்குவது. ‘ஆர்.எம்.எஸ்.’ என்று சின்ன எழுத்தில் இருப்பதே தொடர்ந்து தருகிற சக்தி. ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் அந்த எண் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டு, ஓம் கணக்கு. நாலு ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்க இணைப்பில் கட்டினால் இரண்டு ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபயர் இரண்டு ஓம் தாங்குமா என்று அதன் புத்தகத்தைப் பார். தாங்காவிட்டால் சூடேறி நின்றுவிடும், அல்லது கருகிவிடும்.

மூன்று, வயர். பேட்டரியிலிருந்து வரும் வயர் தடிப்பாக இருக்க வேண்டும். பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் இரு சாண் தூரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத வயர் தகரத்தில் உராய்ந்து தோல் கிழிந்தால் காடியே தீப்பிடிக்கும். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய வெறும் தகரத்தில் முடுக்கு. வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடு.

நாலு, முக்கியமானது. ஆம்ப்ளிபயரில் ‘கெயின்’ என்று ஒரு திருகு இருக்கும். நம் பையன்கள் அதைச் சத்தம் கூட்டும் திருகு என்று நினைத்துக் கடைசி வரை முறுக்கிவிடுகிறார்கள். அது ரேடியோவிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் ஆம்ப்ளிபயருக்கும் சுதி சேர்க்கிற திருகு, தோழர்களே. செய்ய வேண்டியது இது: கெயினை அடியோடு குறை. பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணை. நல்ல பதிவாக ஒரு பாட்டைப் போட்டு ரேடியோவை முக்கால் பங்கு வை. கதவைத் திறந்து வெளியே நின்றுகொண்டு கெயினை மெதுவாக ஏற்று. குரல் கரகரக்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் இறக்கு. ஒரு நிமிஷ வேலை. அதற்கு மேலே முறுக்கினால் ஒலியலையின் தலை வெட்டுப்படும். பாட்டு கரகரக்கும், டுவீட்டர் எரிந்துபோகும். வார்த்தை புரியவில்லையென்று நீ இன்னும் சத்தம் வைப்பாய்.

ஐந்து, வேலையைப் பிரித்துக் கொடு. கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைச் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஓசையைச் சுமக்க விடாதே. அதைச் சப்வூஃபருக்கு அனுப்பு. கதவுத் தகரம் அதிர்ந்தால் உள்பக்கம் அதிர்வு தாங்கும் ஒட்டுத்தாள் ஒட்டு. இவ்வளவும் செய்துவிட்டால், முன்பு வைத்ததில் பாதித் திருகிலேயே பாட்டின் வார்த்தை ஒவ்வொன்றும் விழும்.

“நெஞ்சிலே அடிச்சாத்தான்யா பாட்டு” என்பவர்களும் உண்டு. நெஞ்சுக்கு வைத்தியம் இருக்கிறது. சத்தத்தால் போன காதுக்கு இல்லை. உட்காதிலே சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. செத்தால் மறுபடி முளைக்காது. வெட்டு விழுந்த பால்மரம்கூடப் பட்டை மூடும், காது மூடாது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய ஓசை. அதனால் ஆளுக்குச் செவிடு என்று தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் புரியாது. ‘காசு’ என்றால் ‘காது’ என்று விழும். பெண்டாட்டி முணுமுணுக்கிறாள் என்று சண்டை வரும். இராத்திரியிலே காதுக்குள் வண்டு ரீங்காரம் போடும். பாட்டுக் கேட்டு இறங்கிய பிறகு காது அடைத்தாற்போல் இருந்தாலோ, ரீங்காரம் கேட்டாலோ அது எச்சரிக்கை மணி. காடிக்குள் பக்கத்திலே இருப்பவரிடம் குரல் உயர்த்திப் பேச வேண்டியிருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

இது தோட்டத்துக் கதை மட்டுமல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், உலகெங்கும் 100 கோடிக்கு மேற்பட்ட இளையோரின் காது பாட்டுச் சத்தத்தால் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. கைக்கருவிகளில் பாட்டுக் கேட்கப் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல் என்றும் பிள்ளைகளுக்கு 75 என்றும் அது வரம்பு வைத்திருக்கிறது. பின் சீட்டின் முதுகில் ஸ்பீக்கரைப் பதித்து அதன் முன்னே குழந்தையை உட்கார வைக்கிற அப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். ஆம்புலன்ஸ் சைரன் பின்னால் வந்தாலும் கேட்காத ஓட்டுநரும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகச் சங்கத்து விஷயம். வேலை இரைச்சலால் காது போனால் சொக்சோவில் தொழில் நோயாகக் கோர நமக்கு உரிமை உண்டு. ஆனால் காதைச் சோதிக்கும் டாக்டர், “வேலைக்கு வெளியே என்ன சத்தம் கேட்டாய்?” என்று கேட்பார். காடியிலே காதைக் கெடுத்துக்கொண்டவன் என்ன பதில் சொல்வான்? உண்மையாகவே மில் கெடுத்த காதுக்கும் அங்கே சந்தேகம் வந்துவிடும். அதற்காக முதலாளியின் பொறுப்பு குறைந்துவிடாது. 85 டெசிபெல்லைத் தாண்டும் இடத்தில் காதுக் கவசம் கொடுப்பதும் ஆண்டுதோறும் காதுச் சோதனை நடத்துவதும் சட்டப்படி அவர் கடமை. கிளைச் செயலாளர்கள் தங்கள் தோட்டத்தில் இந்தச் சோதனை நடக்கிறதா, அதன் முடிவு தொழிலாளியின் கைக்கு வருகிறதா என்று எழுத்துமூலம் கேட்க வேண்டும். ரீங்காரம் நிற்காதவர்கள் தயங்காமல் கிளினிக்குக்கு வாருங்கள். தேவையானால் அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். வயரிங் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளை அலுவலகத்து முன்னால் நாலு காடிகளை நிறுத்தி, கெயினை இறக்கிச் சரி செய்து காட்டச் சொல்லுங்கள். செலவு ஒரு திருப்புளி மட்டுமே.