பிரின்டர் வாங்குமுன்



நம் வீடுகளில் பிளக் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. சுவரிலே வட்டத் துளை, வாங்கி வந்த சாமானிலே சதுரக் கால், நடுவிலே ஓர் அடெப்டர். மின்சாரத்திலும் குறையில்லை, சாமானிலும் குறையில்லை. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தகராறு. கணனியிலும் இதே தகராறு இருந்தது, கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கிறது. வீட்டிலிருந்தே டைப்பிங், அச்சு வேலை செய்து உழைக்கும் சகோதரிகள் அந்த மிச்சத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள்.

1980களில், டொஸ் காலத்தில், வேர்ட்பெர்பெக்ட் என்ற எழுத்து மென்பொருள் ஒவ்வொரு வகைப் பிரின்டருக்குமான 'டிரைவரை'த் தானே சுமந்து வந்தது. டிரைவர் என்றால் வாகனம் ஓட்டுபவர் அல்ல. கணனியின் பேச்சைச் சாதனத்துக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்லும் சிறு மென்பொருள். கணக்கு எழுதும் மென்பொருளுக்கு வேறு டிரைவர். புதிய பிரின்டர் ஒன்று சந்தைக்கு வந்தால் ஒவ்வொரு மென்பொருளும் அதன் பாஷையைத் தனித்தனியே படிக்க வேண்டும். 1990இல் வின்டோஸ் 3.0 வந்து பரவியபின் அந்தச் சுமை கணனியின் நிர்வாகியான பணிசெயல் முறைமையின் தலைக்கு மாறியது. ஒரு டிரைவரைப் போட்டால் எல்லா மென்பொருளுக்கும் போதும்.

இந்த யோசனை வின்டோஸின் சொந்தச் சரக்கல்ல. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், சாதனங்களையும் கோப்புகளைப் போலவே காட்டியது. திற, வாசி, எழுது, மூடு. அச்சடிப்பதோ நாடாவில் பதிவதோ, கட்டளை இவைதான். ஹஜ்ஜுக்குப் போன சகோதரிகளுக்கு இது சட்டென விளங்கும். பக்கத்தில் நிற்பவர் நைஜீரியர், அவர் பாஷையில் ஒரு சொல்லும் நமக்குத் தெரியாது. தக்பீர் கேட்டதும் இருவரும் ஒன்றாக ருகூஉவுக்குப் போகிறோம்.

பிறகு 1996இல் இன்டெல், ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட் முதலான ஏழு நிறுவனங்கள் கூடி யூ.எஸ்.பி. முறையை வெளியிட்டன. அதற்கு முன் கீபோர்டுக்கு உருண்டைத் துளை, பிரின்டருக்கு இருபுறமும் ஸ்குரூ வைத்த 25 ஊசித் துளை. யூ.எஸ்.பி. துளையை மட்டும் ஒன்றாக்கவில்லை, பேச்சையும் ஒன்றாக்கியது. கீபோர்டைச் செருகியதும் அது "நான் கீபோர்ட்" என்று தன்னை அறிமுகம் செய்கிறது. யார் செய்ததானாலும் பொது டிரைவர் ஒன்றே போதும்.

பிரின்டர்கள் மட்டும் நெடுநாள் இந்த ஜமாஅத்தில் சேரவில்லை. ஒவ்வொரு கம்பனியும் தன் பாஷையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வின்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததால் பலர் கணனியை மாற்றுகிறார்கள். பழைய பிரின்டருக்குப் புதிய டிரைவரைக் கம்பனி செய்யாவிட்டால், மையும் உருளையும் நல்லபடி இருந்தும் அது மூலையில்தான் கிடக்கும். இதை வீண்விரயம் என்றே நான் சொல்வேன்.

பழைய பிரின்டர் வாங்குபவர்களுக்கு மார்க்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. பிரின்டரில் பழுது இல்லாதபோது, "என் கணனிக்குச் சரிவரவில்லை" என்று பின்னர் வாதாடுவது கடினம். ஆனால் "இன்ன கணனியில் இது வேலை செய்ய வேண்டும்" என்று நிபந்தனையிட்டு வாங்கி, அது பொய்த்துப் போனால், நம் ஷாபிஈ மத்ஹபில் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. ஆகவே கணனியின் பெயரையும் வின்டோஸ் இலக்கத்தையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் தயங்கினால் காரணம் உங்களுக்குப் புரிந்துவிடும்.

புதிது வாங்குவதானால் பெட்டியில் 'எயார்பிரின்ட்' அல்லது 'மொப்ரியா' அடையாளம் உண்டா என்று பாருங்கள். முன்னது அப்பிள் 2010இல் கொண்டுவந்தது. பின்னது 2013இல் பிரின்டர் கம்பனிகள் சில சேர்ந்து அமைத்தது. இவற்றுக்குக் கம்பனியின் தனி டிரைவர் தேவையில்லை. கடையிலேயே உங்கள் போனிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தை எடுங்கள்.